தலைக்கு மேல் ஆயிரம் லிட்டர்

அம்மாப்பேட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் ஒரு கார்த்திகைத் தீபத்தன்று சாமி அலமாரி பற்றிக்கொண்டது. பெரிய தீ இல்லை. அகல் விளக்கிலிருந்து முன்னால் தொங்கிய திரைச்சீலைக்கு, அங்கிருந்து தினசரிக் காலண்டருக்கு, பிறகு மேல்தட்டில் மடித்து வைத்திருந்த பட்டுத் துணிக்கு என்று ஏறிவிட்டது. நானும் தம்பியும் வாசலில் விளக்கு வரிசை கோணலாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா கத்திக்கொண்டே தெருக்குழாய்க்கு ஓடினார். தண்ணீர் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. குழாயில் காற்றுதான் வந்தது. அம்மா எங்கும் ஓடவில்லை. மறுநாள் இட்லிக்கு அரிசி ஊறப்போட்டிருந்த போசியைத் தூக்கி அப்படியே அலமாரியின் மேல் வீசினார். அவ்வளவுதான், புஸ்ஸென்று அடங்கிவிட்டது. பக்கத்து வீட்டில் அரை பக்கெட் கடன் வாங்கிக்கொண்டு அப்பா திரும்பி வந்தபோது, கரி படிந்த சுவரில் ஊறிய அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும் வரை அந்தச் சுவரில் அங்கங்கே அரிசி இருந்தது.

இதை எங்கள் வீட்டில் ஒரு நகைச்சுவைக் கதையாகத்தான் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தோம். அம்மாவின் சமயோசிதம், அப்பாவின் ஓட்டம். சொந்த வீடு கட்ட ஆரம்பித்தபோதுதான் அந்தக் கதையில் நான் கவனிக்காத ஒன்று உறைத்தது. அன்றைக்கு மொட்டை மாடியில் வீட்டுக்காரர் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி வைத்திருந்தார், அது நிறையவும் இருந்தது. தீக்கும் அதற்கும் நடுவே அஞ்சு அங்குலக் கான்கிரீட் மட்டும்தான். தலைக்கு மேல் ஆயிரம் லிட்டரை வைத்துக்கொண்டு அப்பா தெருவில் ஓடினார்.

சேலத்துக்காரர்களுக்குத் தண்ணீரைச் சேமிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டூர்க் காவிரி குழாயில் என்றைக்கு வரும் என்று நாள் எண்ணி வளர்ந்தவர்கள் நாம். வாசலில் சம்ப், மாடியில் தொட்டி, பின்கட்டில் டிரம், சமையலறையில் குடம். அத்தனை தண்ணீர் இருந்தும், படுக்கையறையில் ஏசி புகைந்தால் அந்த அறைக்குள் ஒரு சொட்டு இருக்காது. இதைத்தான், அறையில் தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகவே தண்ணீரைக் கொட்டும் ஸ்பிரிங்க்ளர் என்கிற சாதனம் தீர்க்கிறது. அதைப் புதுவீட்டில் வைக்க நான் பட்ட பாட்டையும், வைத்தது சரிதானா என்ற என் கணக்கையும் எழுதலாம் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

வீடு கன்னங்குறிச்சிப் பக்கம். கீழே அம்மா அப்பா, மாடியில் நாங்கள். மேஸ்திரியிடம் முதன்முதலாகச் சொன்னபோது அவர் கம்பியைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "ஏங்க, ஜவுளிக்கடையில, மால்ல இருக்குமே, அதுங்களா? வீட்டுக்கு எதுக்குங்க? ஊதுபத்தி ஏத்தினா வீடு பூரா மழை பேயுமே" என்றார். ஊதுபத்தி என்ற இடத்தில் அவரவர் பயத்துக்கு ஏற்ப தாளிப்பு, சாம்பிராணி, கணபதி ஹோமம் என்று மாற்றிப் போட்டுக்கொண்டு இதே கேள்வியைப் பின்னால் ஒரு இருபது பேராவது கேட்டார்கள்.

சினிமா செய்த வேலை அது. ஒருவன் லைட்டரைக் காட்டுவான், கட்டடம் முழுக்க மழை கொட்டும், நாயகன் நனைந்துகொண்டே நடந்து வருவான். நிஜத்தில் ஸ்பிரிங்க்ளருக்குப் புகை தெரியவே தெரியாது. சூடு ஒன்றுதான் அதற்குப் புரியும். கூரையில் தண்ணீர் கொட்டும் முனைக்குத் தலைப்பு என்று பேர். ஒவ்வொரு தலைப்பிலும் அரிசி மணி அகலத்துக்கு ஒரு கண்ணாடிக் குமிழ், அதற்குள் கிளிசரின் சேர்ந்த திரவம், நடுவில் ஒரு சின்னக் காற்றுக் குமிழி. குழாயில் நிற்கும் தண்ணீரை அந்தக் கண்ணாடிதான் அடைப்பை அழுத்திப் பிடித்துத் தடுத்துக்கொண்டிருக்கிறது. சூடேறத் திரவம் விரியும், குமிழி மறையும், குறித்த சூட்டில் கண்ணாடி வெடிக்கும், அடைப்பு விழும், தண்ணீர் கொட்டும். எந்தத் தலைப்புக்குச் சூடு போய்ச் சேர்ந்ததோ அது மட்டும்தான் திறக்கும். பக்கத்து அறையில் இருப்பது பேசாமல் இருக்கும். அது திறக்க மின்சாரம் வேண்டாம், யாரும் பட்டன் அழுத்த வேண்டாம். வீட்டுத் தீயைப் பெரும்பாலும் ஒரே ஒரு தலைப்பே அடக்கிவிடுகிறது.

எதிர்வீட்டு அண்ணன் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். இருபது பேருக்கு விளக்கித் தொண்டை வறண்ட விஷயம் அவருக்கு அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது. "பொடி வச்சு ஊதற மாதிரிதானே? பத்த வச்ச இடம் உருகுச்சுன்னா கழண்டுக்கும்" என்றார். கண்ணாடிக் குமிழ் பிறகு வந்ததுதான். ஆரம்பத்தில் அவர் சொன்ன மாதிரியேதான் இருந்தது. 1874-ல் அமெரிக்காவின் நியூ ஹேவன் ஊரில் ஹென்றி பார்மலி என்பவர் தன் பியானோ தொழிற்சாலையைக் காப்பாற்ற முதன்முதலில் உருப்படியாக ஒன்றைச் செய்தார். கொலுசை ஒட்டுகிற பற்று மாதிரி, ஆனால் குறைந்த சூட்டிலேயே உருகும் உலோகப் பற்றுதான் அதில் பூட்டு. சில வருடத்தில் பிரெடரிக் கிரின்னல் அதைச் செம்மைப்படுத்தினார். அதற்கு முன்பு பஞ்சாலைகளில் ஓட்டை போட்ட குழாயைக் கூரை நெடுக ஓட்டி, தீப்பிடித்தால் ஒரு ஆள் ஓடிப்போய் வால்வைத் திறப்பானாம். எரியும் இடம், எரியாத இடம் என்ற பேதமில்லாமல் எல்லாம் நனையும். சினிமா இன்னும் அந்தக் குழாயைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது. தறிச் சத்தத்தில் பிறந்தவன் என்பதால், இந்தச் சாதனத்தை முதலில் தேடியது பஞ்சும் நூலும் பறக்கிற இடம்தான் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

சரி, பஞ்சாலைக்கு வேண்டும், வீட்டுக்கு எதற்கு? தாத்தா வீட்டில் இல்லையே? நியாயமான கேள்வி. தாத்தா வீட்டுக் கூடத்தில் எரிவதற்கு என்ன இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு பவானி ஜமக்காளம், கயிற்றுக் கட்டில், தகரப் பெட்டி, ஒரு மர பெஞ்ச். என் ஹாலில்? ஃபோம் திணித்த எல் வடிவ சோபா, பிளைவுட்டில் டிவி யூனிட், பாலியஸ்டர் திரை, ரெக்சின். பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் அமெரிக்காவின் யு.எல். ஆய்வுக்கூடத்தில் இரண்டு அறைகளைக் கட்டி, ஒன்றில் பழைய காலத்து மரமும் பருத்தியுமான சாமான், இன்னொன்றில் இந்தக் காலத்து ஃபோம் சாமான் போட்டுக் கொளுத்திப் பார்த்தார்கள். பழைய அறை முழுவதுமாகத் தீப்பிழம்பாக மாற 29 நிமிடம் ஆயிற்று. புது அறைக்கு 4 நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு எண்களைப் படித்த அன்று ராத்திரி நான் சோபாவைக் கொஞ்சம் சந்தேகமாகவே பார்த்தேன்.

நான்கு நிமிடத்தில் என்ன நடக்கும்? 101-க்குப் போன் போட்டு, வீடு எங்கே என்று அடையாளம் சொல்லி முடிப்பதற்குள் முடிந்துவிடும். செவ்வாய்ப்பேட்டை மாதிரி லாரியும் தள்ளுவண்டியும் அடைத்துக்கொண்ட தெருவென்றால் கேட்கவே வேண்டாம். தீத்தொண்டு வாரத்தில் ஒருமுறை செயல்விளக்கம் காட்ட வந்த தீயணைப்பு வீரர் ஒருவர் எங்களிடம் சொன்னார்: "வண்டி வேகமா வரும் சார். ஆனா தீ எங்களுக்கு முன்னாடியே வந்துருதே."

இன்னொன்று, நம் வீடுகளுக்கே உரியது: ஜன்னல் கம்பி. வெளிநாட்டுக்காரன் ஜன்னலைத் திறந்து குதிக்கலாம். நாம் திருடனுக்குப் பயந்து ஒவ்வொரு ஜன்னலிலும் இரும்புக் கிரில், பால்கனிக்கும் கிரில், வாசலுக்கு மடக்குக் கதவு, அதற்கு உள்பக்கம் பூட்டு, சாவி ஹாலில் ஆணியில். ஹால்தான் எரிகிறது என்றால்? என் அப்பாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. கட்டிலிலிருந்து எழுந்து நிற்கவே அவருக்கு ஒரு நிமிடம் வேண்டும். தீயைவிடப் புகை சீக்கிரம் ஆளைச் சாய்த்துவிடும், தூங்குகிறவர்களை எழுப்பாமலே.

2020 செப்டம்பரில் குரங்குச்சாவடி பக்கம் நரசோதிப்பட்டியில் ஒரே வீட்டில் ஐந்து பேர், இரண்டு குழந்தைகள் உட்பட, நடு இரவுத் தீயில் போனார்கள். மின்கசிவு என்று செய்தியில் சொன்னார்கள். நம் ஊர் நடுத்தரக் குடும்பங்கள் கட்டுகிற மாதிரி வீடு. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. என் மனைவி இந்தச் செலவுக்குத் தலையாட்டியதற்கு அந்தச் செய்திதான் காரணம், என் விளக்கங்கள் இல்லை.

அப்புறம் கணக்கு. வீட்டு ஸ்பிரிங்க்ளருக்கென்றே அமெரிக்காவில் 1975-லிருந்து தனி விதிநூல் இருக்கிறது. பெரிய கட்டடத்துக்கான விதியைச் சுருக்கி, வீட்டில் இருப்பவர்கள் வெளியே போகப் பத்து நிமிடம் கிடைத்தால் போதும் என்ற எண்ணத்தில் எழுதியது. சாமானைக் காப்பதெல்லாம் அப்புறம். ஒரே நேரத்தில் இரண்டு தலைப்புகள் திறப்பதாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஒரு தலைப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஐம்பது லிட்டர். இரண்டுக்கு நூறு. பத்து நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டர்.

ஆயிரம் லிட்டர்! காகிதத்தில் பெருக்கிப் பார்த்துவிட்டு நான் சிரித்துவிட்டேன். தமிழ்நாட்டில் அந்த அளவுத் தொட்டி இல்லாத மாடியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தெருக்குழாய் போதாத இடத்தில் மேலைநாட்டுக்காரன் இதற்காகத் தனித் தொட்டி வாங்குகிறான், நாம் அதை ஏற்கெனவே வாங்கித் தலைமேல் வைத்திருக்கிறோம்.

ஆனால் தொட்டி இருந்தால் மட்டும் போதாது, அழுத்தம் வேண்டும். இங்கேதான் சிக்கல். அந்த ஐம்பது லிட்டர் சரியாகச் சிதறி விழ, தலைப்பில் குறைந்தது அரை பார் அழுத்தம் இருக்க வேண்டும். பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஒரு பார் என்பது கணக்கு. ஆக, தலைப்புக்கு மேலே ஐந்து மீட்டர் உயரத்தில் தண்ணீர் நிற்க வேண்டும், குழாயில் உரசிப் போகும் நஷ்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே. எங்கள் தொட்டி மாடிப்படி அறைக்கு மேலே நாலடித் தூணில் நிற்கிறது. கீழ்வீட்டுக் கூரையிலிருந்து அளந்தால் ஆறரை மீட்டருக்கு மேல் வருகிறது, போதும். மாடிவீட்டுக் கூரையிலிருந்து அளந்தால் நாலு மீட்டர்கூட இல்லை, போதாது. அதாவது அம்மா அப்பாவுக்கு வெறும் புவியீர்ப்பிலேயே வேலை நடக்கும். எங்களுக்குப் பம்பு வைத்தால்தான். பெரியவர்களைக் கீழே குடிவைத்தது முட்டிவலிக்காக, இந்தக் கணக்கும் அதோடு ஒத்துப்போனது தற்செயல்.

பம்பு என்றதும் அடுத்த கேள்வி வருகிறது. மின்கசிவில் தீப்பிடித்தால் முதலில் மெயின் டிரிப் ஆகும். பம்பும் நின்றுவிடும். அதனால் மாடி பம்புக்கு வீட்டு லைன்கள் பிரியும் டிபி பெட்டியைத் தொடாமல், மீட்டருக்கு அடுத்தே தனி எம்சிபி சுவிட்ச் போட்டுத் தனி ஒயர் இழுத்தோம். தெருவிலேயே கரண்ட் இல்லை என்றால் எங்களுக்குப் புகை அலாரமும் கால்களும்தான். இதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

வேலையைச் செய்ய ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. வீட்டு பிளம்பர் நல்லவர், ஆனால் இதற்கு அவர் போதாது. ஸ்பின்னிங் மில்களுக்கும் குடோன்களுக்கும் செய்கிற ஒருவரைப் பிடித்தேன். மூன்று முறை போன் செய்த பிறகுதான் இது விளையாட்டில்லை என்று நம்பினார். அவர் முதலில் கொண்டுவந்தது மில்லில் போடுகிற தலைப்பு. அதில் கண்ணாடிக் குமிழ் தடிமன், உடையக் கொஞ்ச நேரம் எடுக்கும். வீட்டுக்கென்று தனி வகை இருக்கிறது. குமிழ் மூன்று மில்லிமீட்டர்தான், சீக்கிரம் உடையும். தண்ணீரைச் சுவரின் மேல்பகுதிக்கும் சேர்த்து வீசும், ஏனென்றால் வீட்டில் திரைச்சீலையும் அலமாரியும் சுவரோரம்தானே இருக்கின்றன. அதை வரவழைக்க மூன்று வாரம் ஆனது.

இன்னொரு விஷயத்தை அவர்தான் சொன்னார், அது எந்த வெளிநாட்டு விளக்கப்படத்திலும் என் கண்ணில் படவில்லை. குமிழின் நிறம்தான் உடையும் சூட்டைச் சொல்லும். சிவப்பு 68 டிகிரி, மஞ்சள் 79, பச்சை 93. எல்லாப் படத்திலும் சிவப்புதான் இருக்கும். ஆனால் சிவப்பு, கூரையோரச் சூடு 38 டிகிரியைத் தாண்டாத இடத்துக்கு. சேலத்தில் சித்திரை வெயிலில் மொட்டை மாடிக் கான்கிரீட்டின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ராத்திரி பத்து மணிக்கும் தோசைக்கல் மாதிரி இருக்கும். அதனால் மஞ்சள். ஏற்காட்டில் வீடு கட்டுகிறவர்களுக்குச் சிவப்பு போதும் என்று நினைக்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் குமிழின் நிறமே மாறிவிடுகிறது.

மேஸ்திரிக்கும் மில்காரருக்கும் ஒரு சண்டை நடந்தது. சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கரண்ட் பைப்பை ஸ்லாபுக்குள் புதைப்பது போல இந்தக் குழாயையும் புதைத்துக் கான்கிரீட் போட்டுவிடலாம் என்றார் மேஸ்திரி. நாளைக்கு ஒரு இணைப்பு ஒழுகினால் கூரையை உடைப்பீர்களா என்றார் மில்காரர். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீ சொல்லிவிட்டு வந்தேன். கடைசியில் ஆரஞ்சு நிற சிபிவிசி பிளாஸ்டிக் குழாய், ஸ்லாபுக்கு அடியில், அதன்மேல் ஜிப்சம் பட்டி கட்டி மறைப்பு. ஹாலில் எப்படியும் ஃபால்ஸ் சீலிங் போடுவதாக இருந்தது. படுக்கையறைகளில் பட்டி ஒரு ஓரமாக ஓடுகிறது, அழகுக்கு வைத்தது என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். குளியலறைக்குத் தேவையில்லை. ஹால், சமையலறை, சாமி அறையோடு சேர்ந்த சாப்பாட்டுக் கூடம், படுக்கையறைகள், மாடிப்படி என்று மொத்தம் பதினொரு தலைப்புகள்.

பெயிண்டர் வந்த அன்று நான் ஊரில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் கூரை வெள்ளை, தலைப்பும் வெள்ளை, குமிழும் வெள்ளை. நல்ல மனுஷன், ஒரே நிறமாக இருக்கட்டுமே என்று ரோலரை அதன்மேலும் உருட்டிவிட்டார். பெயிண்ட் பட்ட தலைப்பைத் துடைத்துப் பயன்படுத்தக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். குமிழுக்குச் சூடு ஏறுவது தாமதமாகும், அடைப்பு ஒட்டிக்கொண்டு விழாமலும் போகும். நான்கு போயிற்று. மீதி ஏழுக்கும் பாலித்தீன் பை கட்டி, அதற்கு நானே காவல் நின்றேன்.

தொட்டியில் ஒரு சின்னத் தந்திரம் செய்தோம். இரண்டாயிரம் லிட்டர் தொட்டி. (இரண்டு டன் எடை, மாடிப்படி அறைத் தூண்களைப் போடும் முன்பே இன்ஜினீயரிடம் சொல்லிவிட வேண்டிய விஷயம்.) வீட்டு உபயோகத்துக்குப் போகும் குழாயைத் தொட்டியின் பாதி உயரத்தில் துளை போட்டு எடுத்தோம். ஸ்பிரிங்க்ளர் குழாய் அடியிலிருந்து. ஆக, நாங்கள் எவ்வளவு செலவழித்தாலும் அடியில் ஆயிரம் லிட்டர் நிற்கும். எழுதும்போது புத்திசாலித்தனமாகத்தான் இருக்கிறது. போன மே மாதம் ஆறு நாள் மாநகராட்சித் தண்ணீர் வரவில்லை, போர் மோட்டாரும் இறைத்தது காற்றைத்தான். மாடியில் ஆயிரம் லிட்டர் இருக்க, குழாயில் தண்ணீர் இல்லாமல் என் மனைவி பாத்திரத்தை வைத்துக்கொண்டு நின்றாள். "எரியாத வீட்டுக்குத் தண்ணி வச்சுட்டு எரியற வயித்தைப் பாக்க மாட்டேங்கறீங்க" என்றாள். லாரித் தண்ணீர் வாங்கினோம். அடித்தண்ணீரைத் தொடவில்லை, ஆனால் மூன்றாம் நாள் எனக்கே கை துறுதுறுத்தது உண்மை.

செலவு, எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சம். மாடுலர் கிச்சனுக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. முகப்பில் கல் ஒட்டியதற்கு ஏறக்குறைய அதே தொகை. கல்லைப் பற்றி ஒருவரும் எதற்கு என்று கேட்கவில்லை.

இதை எல்லோரும் வைக்க வேண்டும் என்று சட்டம் போடலாமா? நம் ஊரில் தனிவீட்டுக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது, உயரமான அடுக்ககங்களோடு அது நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் நகரம் 1985-லேயே புதுவீடுகளுக்குக் கட்டாயமாக்கியது. பதினைந்து வருடம் கழித்துக் கணக்கெடுத்தபோது ஸ்பிரிங்க்ளர் இருந்த வீடுகளில் தீயால் ஒரு சாவும் இல்லை. தண்ணீர்ச் சேதம் என்று பயப்படுகிறோமே, அங்கே ஸ்பிரிங்க்ளர் செலவழித்த தண்ணீர் தீயணைப்புக் குழல் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்குதான். கலிபோர்னியா 2011-ல், வேல்ஸ் 2016-ல் புதுவீடுகளுக்குக் கட்டாயமாக்கின. அதே நேரம் அமெரிக்காவின் பல மாநிலங்களில் வீடு கட்டி விற்பவர்கள் விலை ஏறும் என்று சொல்லி, இப்படிக் கட்டாயம் போடவே கூடாது என்று சட்டம் வாங்கிவிட்டார்கள். அவர்கள் வாதத்தை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். ஆயிரம் சதுர அடிக்குள் கடன் வாங்கிக் கட்டுகிறவருக்கு ஒன்றேகால் லட்சம் என்பது பெண்ணின் ஒரு வருடக் கல்லூரிக் கட்டணம்.

அதனால் யாராவது என்னிடம் கேட்டால் ஸ்பிரிங்க்ளரை முதலில் சொல்வதில்லை. முதலில் ஒயரிங். ஏசிக்குத் தனி லைன், மின்கசிவு கண்டதும் லைனைத் துண்டிக்கும் முப்பது மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, ஒரே பிளக்கில் மூன்று மல்டிபின் மாட்டாத ஒழுக்கம். பிறகு காஸ் டியூப், அதன்மேல் அச்சடித்திருக்கும் தேதி தாண்டிவிட்டதா என்று பாருங்கள். ராத்திரி ரெகுலேட்டரை அணைத்துவிட்டுப் படுங்கள். 2021 நவம்பரில் கருங்கல்பட்டியில் சிலிண்டர் காஸ் கசிந்து வெடித்து வீடுகளே இடிந்தன. அப்படிப்பட்ட வெடிப்பின் முன்னால் ஸ்பிரிங்க்ளர் ஒன்றும் செய்யாது, சுவரே இல்லாதபோது குழாய் எங்கே இருக்கும்? எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் அடுப்பை அணைத்து மூடி போட்டுவிட வேண்டும். அதில் தண்ணீரை ஊற்றினால் தீ கூரைக்கு எகிறும். அம்மாவின் அரிசிப் போசி அன்று சரியாக இருந்தது, அது துணி என்பதால். அதன்பிறகு புகை அலாரம். சில நூறு ரூபாய் முதல் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் மாடிப்படியில் ஒன்று, அப்பா அறை வாசலில் ஒன்று. சமையலறைக்குப் பக்கத்தில் வைத்த மூன்றாவது, ஒவ்வொரு மிளகாய்த் தாளிப்புக்கும் அலறியதால் பேட்டரி கழற்றப்பட்டுக் கிடக்கிறது. கழற்றியது யார் என்று விசாரிக்கவில்லை. இவ்வளவும் செய்த பிறகு, புதிதாகக் கட்டுகிறீர்கள், சுவர் இன்னும் பூசவில்லை, கையில் கொஞ்சம் இருக்கிறது என்றால் ஸ்பிரிங்க்ளர். கட்டி முடித்த வீட்டில் வைப்பது இரண்டு மடங்கு வேலை. புதுவீட்டில்தான் அது சுலபம், அந்தச் சுலபமான நாட்களிலோ நம் கவனம் முழுக்க டைல்ஸ் கடையில் இருக்கிறது.

கிரகப்பிரவேசத்தன்று ஹோமம் வளர்க்க வந்த ஐயர் அண்ணாந்து பார்த்து, "இது காமிராவா சார்?" என்று கேட்டார். விளக்கினேன். குண்டத்தை நகர்த்தி வாசல் போர்ட்டிகோவில் வைத்துக்கொண்டார். அங்கே தலைப்பு இல்லை. "எதுக்கு சார் வம்பு" என்றார். நெய் ஊற்றுகிற வேகத்தைப் பார்த்தபோது அவர் முடிவு சரிதான் என்று பட்டது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை வால்வைத் திறக்கிறேன். குழாயின் கடைசி முனையில், தலைப்பின் துளை அளவே உள்ள வால்வு. நின்ற தண்ணீர் வெளியேறும், ஓட்டம் சரியாக இருக்கிறதா என்றும் தெரியும். இருபது லிட்டர் பெயிண்ட் வாளியை அடியில் வைத்துக் கைபேசியில் நேரம் பிடிப்பேன். முதல்முறை இருபத்துமூன்று நொடியில் நிறைந்தது. அப்பா நாற்காலியைப் பின்கட்டில் போட்டு உட்கார்ந்து, கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி, "போன தடவை எவ்வளவு?" என்று கேட்டுக்கொள்வார். அன்றைக்கு அம்மாவும் வந்து நின்றார். வாளி நிறைவதைப் பார்த்தார். இன்னொரு வாளி. அதுவும் நிறைந்தது.

"இவ்வளவு தண்ணி எங்க இருந்தது?" என்றார்.

"மேலதான். அப்பவும் இருந்துச்சும்மா."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாளியையும் ஒவ்வொன்றாகக் கறிவேப்பிலைச் செடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.